பையில் அச்சான மறைச்சொல்

இன்று காலை சிராங்கூன் சாலையில், ரஹீம் பாயின் சேலைக் கடையில் இருந்தேன். கடையின் இணையப் பக்கத்துக்குள் யாரோ புகுந்து, வாடிக்கையாளர்களுக்குப் போலித் தள்ளுபடிச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை அமைத்துக் கொடுத்து, கடைக்கு விளம்பரமும் போடுபவள் நான்.

“பாஸ்வேர்ட் என்ன வச்சிருந்தீங்க, பாய்?”

“எண்பதுகள்ல இருந்த நம்ம கடை போன் நம்பர்தான். இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கும் லா.”

சேலை பார்த்துக்கொண்டிருந்த மேரி அக்கா, ஆங் மோ கியோ வட்டாரத்திலிருந்து வந்தவர், அந்த எண்ணைத் தடுமாறாமல் சொன்னார்.

“உங்க கடைப் பையில பெருசா போட்டிருப்பீங்களே, பாய். அதுலதான் புத்தகம் வச்சு ஸ்கூலுக்குப் போனேன்.”

பாய் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் தெரிந்தது.

மறைச்சொல்லை மாற்றிவிட்டேன். எச்சரிக்கைச் செய்தியும் அனுப்பியாயிற்று. ஆனால் அந்தப் பையின் எண் நாற்பது வருஷம் நின்றிருக்கிறது; நான் போடும் விளம்பரம் எதுவும் நாற்பது நாள்கூட யார் நினைவிலும் நிற்பதில்லை.

உங்கள் மறைச்சொல் யார் வீட்டுப் பையில் இருக்கிறது?