பின்வரிசை, இடமிருந்து வலம்

எங்கள் அண்ணி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனுஷர்களைப் பார்க்க மாட்டாள், சுவரைத்தான் பார்ப்பாள். "அந்தப் படத்தைக் கொஞ்சம் இறக்குங்களேன்" என்பாள். இறக்கிக் கொடுத்தால் முகத்தைப் பார்க்காமல் திருப்பி முதுகைப் பார்ப்பாள். முப்பது வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். தேதி, ஸ்டூடியோ முத்திரை, யாரோ பென்சிலில் கிறுக்கிய பேர் எல்லாம் முதுகில்தான் இருக்குமாம். நான் அவளுக்கு நாத்தனார். கடையில் கண்ணாடி வெட்டுவது என் வேலை. அவளோடு போய் எத்தனை வீட்டில் மானம் போயிருக்கிறது என்று எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும்.

நாங்கள் இருப்பது பழைய பாட்டில் தொழிற்சாலைக் குடியிருப்பு. நாலே தெரு. தொழிற்சாலையை மூடி வருஷக்கணக்காயிற்று. அது நடந்த நாளில் வருஷம் ஒரு தடவை கேட்டுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி குரூப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் படங்கள் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் செல்லரித்துக் கிடப்பது அண்ணிக்குப் பொறுக்கவில்லை. பதினாலு வருஷம் நாயாய் அலைந்து முப்பத்தெட்டுப் படம் சேர்த்தாள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பேர். ஆள் தங்கம்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் எழுதிய பேரை யாராவது தப்பென்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்குப் பூரா எனக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

அவள் சேர்த்த படங்களால் அதிகம் சந்தோஷப்பட்டது அடுத்த தெருத் தையல்கார அக்காதான். அவர் அம்மா வயிற்றில் இருந்தபோதே தொழிற்சாலையில் உலை வெடித்து அவருடைய அப்பா போய்விட்டார். வீட்டில் அவருடைய படம் பேருக்குக்கூட ஒன்று கிடையாது. ஐம்பத்தேழு வயது வரை அப்பாவின் முகமே தெரியாமல் இருந்தவருக்கு அண்ணிதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வெடிப்பு நடந்த வருஷத்துப் படம், பின்வரிசையில் நிற்கிற பதினொரு பேரில் இடமிருந்து மூன்றாவது ஆள். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். "இங்க பாருங்கடி, என் மூக்கு அப்படியே!" என்று அக்கா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். அதிலிருந்து மூன்று வருஷமாக அவருடைய பேத்தி பரீட்சைக்குப் போனாலும் படத்திடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு மன்றத்துக் கூடத்தில் முப்பத்தெட்டுப் படங்களையும் மாட்டித் திறப்பு விழா. துணியை விலக்குவது தையல்கார அக்கா என்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை அந்த வெடிப்பு வருஷத்துப் படத்துக்கு நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பஸ் டிரைவர் கடை வாசலில் வந்து நின்றார்.

ரிட்டயர் ஆகி இங்கே குடிவந்தவர். அவரோடு யாரும் பெரிதாகப் பேச மாட்டோம். அவருடைய அப்பாதான் அன்றைக்கு உலை மேஸ்திரி. வால்வை மூடாமல் கண்ணயர்ந்துவிட்டார், அதனால்தான் மூன்று பேர் செத்தார்கள் என்று இன்றைக்கும் பேச்சு. நிஜமா பொய்யா, யார் கண்டது? அந்த மாசமே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

"சட்டைக் கையைக் குறைக்கக் கொடுக்கலாம்னு தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன்" என்றார் டிரைவர். "அவங்க சுவத்துல எங்கப்பா இருக்காரு."

அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரு, உங்கப்பாவா? நல்லா இருக்கே! அது அந்த அக்காவோட அப்பா. பேர் லிஸ்ட் என்கிட்ட இருக்கு. வேணும்னா கண்ணாடி போட்டுட்டு வந்து பாருங்க!"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். தொழிற்சாலை அட்டை. அதே அகல மூக்கு, அதே ஒட்டின காது மடல், இடது புருவத்தில் அதே வெட்டு. அண்ணி அட்டையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"ஆறாவது ஆளோட பிள்ளையே வந்து பாத்து, ஆமா எங்கப்பாதான்னு சொன்னாரே. லிஸ்ட் எப்படித் தப்பாகும்?" என்று முணுமுணுத்தாள்.

அந்த வருஷத்துப் படத்தின் கீழே ஒட்டியிருந்த பேர்ச்சீட்டைக் கரையான் தின்றுவிட்டது. முன்வரிசைப் பேர்கள் மட்டும்தான் தப்பின. பின்வரிசைக்கு, படத்தின் முதுகில் யாரோ பென்சிலால் எழுதிவைத்திருந்த பதினொரு பேரைத்தான் அண்ணி வரிசையாகப் பார்த்து எழுதினாள். இப்போது ஆணியைப் பிடுங்கிப் பின்னட்டையைக் கழற்றினாள். படத்தை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முகங்களுக்குள்ளிருந்து பென்சில் எழுத்து திருப்பிப் போட்ட மாதிரி தெரிந்தது. எழுதினவர் வரிசையாக எழுதவில்லை. ஒவ்வொருத்தர் தலைக்கு நேர் பின்னால் அவரவர் பேரை எழுதியிருக்கிறார்.

எனக்குக்கூட உடனே விளங்கிவிட்டது. முதுகில் இடது ஓரத்தில் இருக்கிற பேர், முகத்துப் பக்கம் திருப்பினால் வலது ஓரத்து ஆளுடையது. அண்ணி முதுகைப் பார்த்து இடமிருந்து எழுதி, முகத்தைப் பார்த்து இடமிருந்து எண் போட்டுவிட்டாள். வரிசை மொத்தமும் தலைகீழ். பதினொரு பேரில் ஆறாவது ஆள் நட்டநடுவில் நிற்கிறவர், எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அவர் ஆறுதான். அந்த ஒருத்தர் சரியாக இருந்ததால்தான் மற்றப் பத்துப் பேரும் சரி என்று நம்பியிருக்கிறோம். மற்ற குடும்பத்தார் அவள் காட்டினவரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். கிடைத்த அப்பாவை யார் வேண்டாம் என்பார்கள்?

அப்படியானால் தையல்கார அக்காவின் அப்பா இடமிருந்து மூன்றாவது அல்ல, ஒன்பதாவது. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே பார்த்தோம். அடக் கடவுளே! பதினொரு பேரில் பத்து முகமும் கல்லில் செதுக்கியதுபோல் இருக்க, ஒன்பதாவது ஆள் மட்டும் படம் எடுக்கிற நேரம் பார்த்துத் தலையைத் திருப்பியிருக்கிறார். கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைக் கலங்கல்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"விட்டுடுங்க அண்ணி" என்றேன். "அறுபது வயசுல அந்த அக்காகிட்டேருந்து அப்பாவைப் பிடுங்கப் போறீங்களா? அதுக்குப் பதிலா எதைக் கொடுப்பீங்க, இந்தப் புகையையா? நமக்கு மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்குச் சண்டை வேண்டாம்மா" என்றார் டிரைவர். "எங்கப்பா பேரை எங்கயும் போட வேண்டாம். போட்டா படத்தையே கிழிச்சிடுவாங்க. ஆனா அவர் மூஞ்சிக்குக் கீழ வேற ஆள் பேரைப் போட்டு எல்லாரும் கைதட்டறதைப் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது. அவ்வளவுதான்."

அண்ணி என்னை ஒரு முறை முறைத்தாள். படத்தை அட்டைக்குள் வைத்தாள், பூதக்கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டாள். "வாடி" என்றாள். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். டிரைவர் எங்களுக்குப் பின்னால் வந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

தையல்கார அக்கா தரையில் துணி விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, நாத்தனாரும் அண்ணியும் ஜோடியா! ஞாயித்துக்கிழமைக்கு எந்தச் சேலை கட்டட்டும், சொல்லுங்க" என்றார். அண்ணி உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. முதுகில் இருந்த பேரை, தன் தப்பை, மூன்றாவது ஆளை, ஒன்பதாவது ஆளை எல்லாம் சொன்னாள்.

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"அப்போ இது யாரு?"

அண்ணி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "உலை மேஸ்திரி."

அக்கா எழுந்தார். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினார். போட்டு உடைத்துவிடுவார் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன்.

"மூணு வருஷம்!" என்று கத்தினார். "மூணு வருஷமா காலையில எழுந்து இந்த ஆள் மூஞ்சியிலயா முழிச்சேன்? என் பேத்தியை இந்த ஆள் முன்னாடியா நிறுத்தினேன்? நான் கேட்டேனா? எனக்கு அப்பாவைக் காட்டுன்னு நான் வந்து உன்கிட்ட கேட்டேனா? நீயாத்தானே வந்த! நீயாத்தானே மூக்கைக் காட்டின!"

"தப்பு என்னுதுதான்கா" என்றாள் அண்ணி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அன்றுவரை கேட்டதில்லை. பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"எங்கப்பா எங்க?"

அண்ணி குரூப் படத்தைத் தையல் மெஷின்மேல் வைத்து, ஒன்பதாவது ஆளைத் தொடாமல் காட்டினாள். அக்கா குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"முகமே இல்லையே" என்றார். "இப்ப இதுவும் இல்லையா எனக்கு?"

அண்ணி மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. சும்மா இருந்திருக்கலாமே, பாவி! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணி பையிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடியைப் பிடுங்கினார். தலை இருந்த இடத்தை விட்டுவிட்டு மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். காலர், பொத்தான், சட்டைப் பாக்கெட். அங்கே கை நின்றுவிட்டது.

"கறுப்புச் சட்டைக்கு வெள்ளை நூல்" என்றார், எங்களிடம் சொல்கிற மாதிரி இல்லை. "பாட்டில் மூட்டை தைக்கிற நூல். எங்கம்மா வேலை பாத்த இடத்துல அதுதான் கிடைக்கும். பாக்கெட் மூலை பிஞ்சிடக் கூடாதுன்னு பெருக்கல் குறி மாதிரி ரெண்டு தையல் போடுவாங்க. வேற யாரும் இப்படிப் போட மாட்டாங்க. நான்கூடப் போட மாட்டேன், அசிங்கமா இருக்கும்னு அவங்களைக் கேலி பண்ணுவேன்."

அண்ணி குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். பாக்கெட்டின் இரண்டு மூலையிலும் சின்னதாய், தெளிவாய்ப் பெருக்கல் குறி இருந்தது.

ஜன்னல் வழியாகத் தெருமுனை தெரிந்தது. அக்கா அங்கே பார்த்தார். "அந்த ஆளைக் கூப்பிடு" என்றார் என்னிடம். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அக்கா பெரிய படத்தைக் கையில் எடுத்து, ஒரு துண்டுத் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்ததோ என்னவோ, துணியை வீசி எறிந்தார். படத்தை அவரிடம் நீட்டினார்.

"கொண்டு போங்க. என் சுவத்துல வேண்டாம்."

டிரைவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எங்க வீட்ல இவர் படத்தை யாரும் மாட்டினதே இல்லம்மா" என்றார்.

அவர் போன பிறகு அண்ணி மெதுவாகக் கேட்டாள், "மூணாவது இடத்துல அவர் பேரைப் போடட்டுமாக்கா, வெறுமனே விட்டுடட்டுமா?"

"அன்னிக்கு அங்க நின்னார் இல்ல? போடு."

"ஞாயித்துக்கிழமை..."

"நான்தான் வருவேன். அதுக்குள்ள ஒன்பதாவது ஆளைப் பெருசாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டு வா. இதே அளவு."

"பெருசாக்கினா முகம் இன்னும் கலங்கித்தான்கா வரும்."

"வரட்டும்" என்றார் அக்கா. "பாக்கெட் தெரியுமில்ல?"