சிலைக்கு வந்த வேலி வழக்கு

வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில் பஸ் மாற இறங்குகிறேன். சந்தியில் ஒரு சிலை, தலையில் சாக்குப் போட்டு மூடியபடி நிற்கிறது. அதையொட்டி ஒருவர் தன் காணி வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டிருக்கிறார். "சிலையில் யார்?" என்கிறேன்.

"எங்கடை பழைய அப்புக்காத்தர். வெள்ளைக்காரன் காலத்திலை வேலி வழக்குப் பேசியே பேரெடுத்து, சட்டசபைக்கும் போனவர். எங்கடை அப்பப்பாவுக்கு இந்த வேலியை வெண்டு குடுத்ததும் அவர்தான்."

"பிறகு ஏன் சாக்கு?"

"பீடம் என்ரை காணிக்குள்ளை ஒரு சாண் வந்திட்டுதே! திறக்க விடாமல் வழக்குப் போட்டிருக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வருகிறது. அவருக்கு வரவில்லை. குழி தோண்டிய அலவாங்கை ஊன்றிக்கொண்டு சிலையை மரியாதையோடு பார்க்கிறார்.

"மனுசன் இப்ப இருந்திருந்தால் இந்த வழக்குக்கும் அவரைத்தான் பிடிச்சிருப்பன். தன்ரை சிலையெண்டும் பாத்திருக்கமாட்டார், பீடத்தோடை கிளப்பிப்போட்டுத்தான் மற்ற வேலை."