மேல் துவாரத்தை மூடிய மத்தியானம்

ஓய்வு பெற்ற வருடம் ஒரு பழைய வேனை வாங்கினேன். ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். என் மனைவி தினமும் இன்சுலின் போடுகிறவள். வெளியூரில் தங்கும்போது மருந்து கெடாமல் இருக்க, கேஸில் ஓடும் குளிர்பெட்டி ஒன்றையும் வைத்தேன். கரண்ட் இல்லாத இடத்திலும் அது ஓடும். அதன் முதுகுப் பக்கம் ஒரு சிறிய தீ எரிந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தீக்காக வேனின் பக்கச் சுவரில் இரண்டு துவாரங்கள் வெட்டினேன். கீழ்த் துவாரம் காற்று உள்ளே வர. மேல் துவாரம் சூடும் புகையும் வெளியே போக. பெட்டியின் பின்புறத்துக்கும் நாங்கள் படுக்கும் இடத்துக்கும் நடுவே சிறு இடுக்குகூட இருக்கக் கூடாது என்று கையேட்டில் போட்டிருந்தது. படித்தேன். ஆனால் பெட்டிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்துவிட்டது. கொஞ்சம் காற்றோட்டம் இருந்தால் நல்லதுதானே என்று அப்படியே விட்டுவிட்டேன். முப்பது வருடம் தண்ணீர்ப் பம்புகளைப் பழுது பார்த்தவன். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

கோலா கங்சாருக்குப் பக்கத்தில் என் மனைவி பிறந்த தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் அங்குள்ள சிறிய மாதா கோயில் திருவிழாவுக்குப் பழைய குடும்பங்கள் வருடா வருடம் கூடும். நாங்கள் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். சாப்பிட்டுவிட்டு, மாலைப் பூசைவரை வேனில் படுக்கலாம் என்று வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. காற்று சாய்த்து அடித்ததில் மேல் துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே தெறித்தது. நான் நனைந்துகொண்டே வெளியே போய், ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து டேப் ஒட்டினேன்.

"அத அடைச்சா பொகை எங்கங்க போவும்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"கொஞ்ச நேரந்தானேலா. மழ விட்டதும் எடுத்துர்றேன்."

ஜன்னல்களைச் சாத்தினோம். படுத்தோம்.

எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை. அவள் முனகும் சத்தத்தில் விழித்தேன். "தல வெடிக்குதுங்க, வாந்தி வர மாதிரி இருக்கு." முகம் வியர்த்திருந்தது. சீனி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு முன்பும் இப்படி ஆகியிருக்கிறது. சோதிக்கும் கருவியை எடுத்தேன். பட்டையை அதன் வாயில் செருக என் விரல்களால் முடியவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. ஒருவழியாக அவள் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தேன்.

ஆறு புள்ளி எட்டு. சரியாக இருந்தது.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீனி சரியாக இருக்கிறது, பிறகு இவளுக்கு என்ன? அப்போதுதான் என் தலையும் அதேபோல் இடித்துக்கொண்டிருப்பது உறைத்தது. அவளுக்குச் சீனி வியாதி. எனக்கு என்ன வந்தது?

குனிந்து, தீயைப் பார்ப்பதற்கென்று குளிர்பெட்டியின் அடியில் இருந்த சிறு கண்ணாடி வழியே பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய தீ மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்தேன். கால்கள் மடங்கின. தவழ்ந்துபோய்க் கதவை உதைத்துத் திறந்தேன். மழை முகத்தில் அடித்தது. திரும்பி வந்து அவளைக் கைக்கு அடியில் பிடித்து இழுத்தேன். "விடுங்க, தூங்குறேன்" என்றாள். நான் விடவில்லை. எப்படி இறக்கினேனோ, இருவரும் சேற்றில் விழுந்து கிடந்தோம்.

கோயில் முகப்பில் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்தவர் குடையோடு ஓடி வந்தார்.

"அக்காவுக்கு என்னாச்சுண்ணே?"

"பொகை... உள்ள போவாதீங்க. பின்னால தோம்ப மட்டும் மூடிருங்க."

அவர் வேனின் பின்னால் போய் கேஸ் சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினார். பிறகு தன் காரில் எங்களைக் கோலா கங்சார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் மனைவியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். "தூங்காத, பேசு, ஏதாவது பேசு." அவள் என்னைத் திட்டினாள். கேட்கச் சுகமாக இருந்தது.

இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். என்ன நடந்தது என்று ஓர் இளம் மலாய் டாக்டரம்மா கேட்டார். "மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டிலில் முகமூடிக்கு மேலே என் மனைவியின் கண்கள் என்மேல் இருந்தன. நிறுத்தினேன். "புகைப் போக்கியை நான்தான் அடைத்தேன். அடைக்க வேண்டிய இடைவெளியையும் நான்தான் விட்டுவைத்தேன்" என்றேன். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்துப் பெட்டியைக் கழற்றினேன். மரச்சட்டத்தின் உட்புறம் கரி படிந்திருந்தது. சுற்றிலும் அலுமினியத் தகடு அடித்து, சூடு தாங்கும் பசையால் ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தேன். மேல் துவாரத்துக்கு மழை புகாத, ஆனால் புகை போகக்கூடிய மூடி ஒன்றைப் பொருத்தினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் விஷப்புகையைக் கண்டால் கத்தும் கருவி ஒன்று. பக்கத்து ஊரான பத்து காஜாவில் கேஸ் வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் எல்லாவற்றையும் காட்டினேன். இந்த முறை அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன்.

பிறகு ஹுத்தான் மெலிந்தாங் போனோம். மத்தியானம் மழை வந்தது. குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, தீ நீலமாக இருந்தது, கருவி சும்மா இருந்தது. இருவரும் கண்ணை மூடாமல் படுத்திருந்தோம்.

"நீங்க தூங்குங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள்.

"நீ தூங்கு. நான் பாக்குறேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். நானும் எழுந்தேன். மழை விடும்வரை எதிரே இருந்த மீன் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம்.