எழுபத்தெட்டுச் சுற்று

சாவிக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சாவி கொடுத்து ஓட்டும் பழைய பாட்டுப்பெட்டிகளை இருபத்தெட்டு வருடமாகப் பழுது பார்க்கிறவர். வாய் கரடு. இடது காது செத்து நாலு வருடம். வலதும் மங்கிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியிடம்கூட அதை ஒத்துக்கொண்டதில்லை. காதுதான் போச்சு, கண் இருக்கிறதே. இசைத்தட்டுக்கு அடியில் காகிதத் துண்டைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்தபடி அது எத்தனை தடவை சுற்றி வருகிறது என்று எண்ணுவார். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு வந்தால் வேகம் சரி.

தையல்கார அம்மா ஒரு பெட்டியும் ஒரே ஒரு இசைத்தட்டும் கொண்டுவந்தார். வெளியூரில் இருந்த தங்கை, குரல் பதியும் கடையில் பேசித் தபாலில் அனுப்பியது. அது வந்து சேர்ந்த வாரமே தங்கை கண்ணை மூடிவிட்டாள்.

"முதல்ல நல்லாத்தான் பேசுறா அண்ணே. கடைசியில ஆம்பளக் குரலா இழுத்துடுது. என்ன சொல்றான்னே புரியல. அத மட்டும் நான் கேக்கணும்."

"கேக்கலாம், கேக்கலாம். ஒரு வாரம் கழிச்சு வா. நடுவுல வந்து என் உயிர வாங்காத."

வேறு பெட்டியில் போட்டுக் காட்டியிருக்கலாம். கடையில் இருந்த ஐந்தும் குடலைப் பிரித்துப் போட்டவை.

வெறுமனே ஓடினால் எழுபத்தெட்டு. தட்டின்மேல் முள் ஏறினால் கடைசியில் அறுபது. வேகத்தை அடக்கும் குண்டுகளுக்கு எண்ணெய் விட்டார். அந்த அம்மாவின் தட்டையே போட்டுப் பார்த்தார், இழுத்தது. வேகம் மீறாமல் உரசிப் பிடிக்கும் தோல் கட்டையை மாற்றினார். போட்டுப் பார்த்தார், இழுத்தது. பல்சக்கரங்களைக் கழுவினார். கடையில் குரல் பதிந்த தட்டு மெத்தென்றிருக்கும், இரும்பு முள் சுரண்டிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மூங்கில் முள்ளில் பாரம் குறைவு, கோளாறு பிடிபடாது என்று இரும்பையே போட்டார். குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. தன் வலது காதும் கைவிட்டுவிட்டது என்று நினைத்து, அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு எண்ணினார்.

ஆறாம் நாள் சுருள்வில் டப்பாவைத் திறந்தார். உள்ளே கிரீஸ் தார்போல் இறுகியிருந்தது. முதல் நாளே திறந்திருக்க வேண்டியது. கழுவிப் பூட்டினார். கடைசிவரை எழுபத்தெட்டு, ஒரு சுற்று பிசகவில்லை.

தையல்கார அம்மா முக்காலியில் உட்கார்ந்து கேட்டார். அவர் முகம் மாறியது.

"எங்க அண்ணே அவ? வெறும் இரைச்சல்தான வருது!"

"ஏன், பேசலையா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தட்டு ஓடி முடிந்தது.

"எத்தன தடவ போட்டீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முப்பது இருக்கும்."

"அத்தன தடவ கேட்டிருக்கீங்க. கடைசியில என்ன சொன்னா? திட்டுனாளா? வரச் சொன்னாளா? சும்மா சொல்லுங்க அண்ணே, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

சாவிக்காரர் தட்டுக்கு அடியிலிருந்த காகிதத் துண்டை உருவினார்.

"கேக்கலம்மா. எண்ணிக்கிட்டு இருந்தேன்."