ஓம் என்றால் மாமா

வெள்ளிக்கிழமை, காலை 7.30. மொன்றியலில் பஸ் ஏறும்போது மழை. ரொறொன்ரோவுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், ஏழு மணித்தியால ஓட்டம், ரிக்கற் ஐம்பத்தெட்டு டொலர். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் நயாகராவில்தான் தொடங்குவார்கள். நான் அங்கே போகவில்லை. தண்ணீர் மேலிருந்து கீழே விழுவதைப் பார்க்க நான் லீவு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஜின்கோர்ட்டில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஜெயம் அண்ணையின் தமிழ் நாடகம். அகதி விசாரணைக்கு வரும் பெண்ணாக நான் நடிக்கவேண்டும். என்னை விசாரிக்கும் அதிகாரியாக நடிக்கப்போகிறவர் கோபஸ் என்ற ஓர் ஆபிரிக்கானர், அதாவது தென்னாபிரிக்காவை இத்தனை காலம் ஆண்ட வெள்ளைச் சனத்தில் ஒருவர் என்று அண்ணை தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் நேரில் சண்டை பிடிக்கலாம் என்றுதான் ரிக்கற் எடுத்தேன்.

பிற்பகல் 2.45. பஸ் நிலையத்தில் ஜெயம் அண்ணை காரோடு நின்றார். பகலில் பிளாஸ்ரிக் தொழிற்சாலை, பின்னேரத்தில் நாடகம் என்று பத்து வருடமாக ஓடுகிற மனுசன். சண்டையை நான் காரிலேயே தொடங்கிவிட்டேன்.

"வெள்ளைக்காரன் கிடைக்காட்டி எங்கட பெடியனுக்குப் பவுடர் பூசியிருக்கலாம்தானே?"

"நாலு வருசம் பவுடர் பூசினதுதான். அவன் இங்கிலீசிலை கேக்க முன்வரிசை விளங்கிச் சிரிக்குது. மெய்யான விசாரணையிலை இருந்த உமக்குச் சிரிப்பு வந்ததோ? ஒருத்தருக்கும் விளங்காத பாசையிலை கேட்டாத்தான் சனத்துக்கு அந்தக் கதிரை சுடும். கோபஸ் தன்ரை ஆபிரிக்கான்ஸ் பாசையிலை கேப்பார்."

"உந்தப் பாசைதானோ கிடைச்சது? அதைப் படி எண்டு சொல்லித்தானே அங்கை பள்ளிக்கூடப் பிள்ளையளைச் சுட்டவங்கள்?"

"நாளைக்குப் போய் அவரையே கேளும்," என்றார் அண்ணை. நெடுஞ்சாலை 401இல் நாற்பது நிமிடமும் வானொலியைச் சத்தமாக வைத்தார்.

மாலை 6 மணி. அஜின்கோர்ட்டில் அண்ணையின் வீடு. அவருடைய மனைவி சாந்தி அக்கா புட்டும் றால் குழம்பும் வைத்தா. "கொழும்பிலை என்ன செய்தனீர், மலர்?" என்று சும்மாதான் கேட்டா. "ஒரு கந்தோரிலை கிளார்க்," என்றேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியைப் பத்து வருடமாகக் கனடாவில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை, காலை 9.10. மிட்லண்ட் வீதி பஸ்ஸில் தெற்கே கென்னடி நிலையம், அங்கிருந்து சப்வேயில் ஷேர்போர்ன். இரண்டு டொலர் ரோக்கனுக்கு இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறார்கள், குறை சொல்ல முடியாது. நிலத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த றெயில் திடீரென்று ஒரு பாலத்தில் ஏறியது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மரங்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரும் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் நான் தேடிப்போன கட்டிடத்துக்கு இருபத்திரண்டு மாடி. வாசலில் நின்ற வெள்ளைக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், இடுப்பில் கதவுத் திறப்புகள் ஒரு கட்டு. என்னைக் கண்டதும் கையை விரித்து, "லிஃப்ற் வேலை செய்யேல்லை. நாளைக்கு வாறன்," என்றார். சுத்த யாழ்ப்பாணத் தமிழ். அவர்தான் கோபஸ். அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்ரென்டன்ற் வேலை அவருக்கு. தண்ணி வரேல்லை, ஹீற்றர் வேலை செய்யேல்லை, விளங்கேல்லை என்று மொத்தம் ஒன்பது தமிழ் வசனம் தெரியும் என்றார். எல்லாம் முறைப்பாடு.

அவருடைய அறை கீழ்த்தளத்தில். கறுத்தக் கோப்பி தந்துவிட்டு, நான் வாய் திறக்க முதலே தன் கதையைத் தொடங்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"என்னுடைய குற்றப்பத்திரிகையை முதலில் கேளுங்கள். பிறகு திட்டலாம்."

செம்மறிகளும் கல்லும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு வறண்ட ஊரில் பிறந்திருக்கிறார். தகப்பன் தேவாலயத்தில் மூப்பர். நாடகம் பார்ப்பதே பாவம் என்பவர். பத்தொன்பது வயதில் மகன் ஒரு நாடகக் குழுவின் லொறியில் ஏறிவிட்டான். ஊர் ஊராக நகர மண்டபங்களில் நடிப்பு, லொறிக்குள்ளேயே நித்திரை. பிறகு தலைநகரில் பெரிய மேடை. பிறகு சினிமா. பதினான்கு படங்கள். அதில் ஒன்பதில் சீருடை போட்ட வீரன், எல்லையைக் காக்கிற நல்ல பிள்ளை. பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள்.

"அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பெடியன்கள் சந்தோசமாகப் பட்டாளத்துக்குப் போனார்கள். அது நான் செய்தது," என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவர் நடித்த அரங்கில் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கறுப்பு இளைஞர். எல்லாக் காட்சிக்கும் வெளிச்சம் கொடுப்பவர், ஆனால் சபையில் ஒரு கதிரையில் இருந்து நாடகம் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. ஒருநாள் அந்த இளைஞரின் தாய் நாடகம் பார்க்க வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறா. அன்றைக்குக் கோபஸ் திரைக்கு முன்னால் வந்து, அந்த அம்மா முன்வரிசையில் இருந்தால்தான் நடிப்பேன் என்றார். நாடகம் ரத்து. அதற்குப் பிறகு நடிக்கக் கூப்பிட்டு வீட்டுத் தொலைபேசி அடிக்கவே இல்லை.

"கைதட்டிவிடாதீர்கள். அந்த இளைஞனுக்கு அடுத்த நாளே வேலை போய்விட்டது. வீரம் என்னுடையது, பட்டினி அவனுடையது. அதற்கு முந்தி இருபது வருடம் அந்தக் கதிரை விசயம் என் கண்ணில் படவும் இல்லை."

கனடாவுக்கு வந்து பதினொரு வருடம். இங்கேயும் சினிமாவில் கூப்பிட்டார்கள், ஆறு தரம், ஆறும் தென்னாபிரிக்கப் பொலிஸ்காரன் வேடம். ஆறாம் தரம் உச்சரிப்பை இன்னும் கொஞ்சம் கொடூரமாக்கச் சொன்னார்களாம். "என் அம்மா என்னைக் கொஞ்சியது அந்த உச்சரிப்பில்தான்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். அதன்பின் இந்தத் திறப்புக் கட்டு. பதினொரு வருடமாகத் தன் பாசையில் ஒரு வசனம் மேடையில் பேசவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுட்ட கதையைக் கேட்டேன். விடுவேனா?

"சுட்டார்கள். அதை மறைக்கிறவன் அயோக்கியன். ஆனால் அந்தப் பாசையை முதலில் பேசியது அடிமைகளும் குசினிக்காரர்களும். அரசாங்கம் அதைக் களவெடுத்துச் சீருடை போட்டது. போன வருடம் அங்கே எல்லாச் சனமும் வாக்குப் போட்டாயிற்று. இனியாவது அந்தச் சீருடையைக் கழற்றுவோம். நான் மன்னிப்புக் கேட்பதென்றாலும் அந்தப் பாசையில்தான் கேட்பேன்."

சண்டை பிடிக்க வந்த இடத்தில் தலையாட்டவேண்டி வருவது பெரிய கரைச்சல். கோப்பி இன்னும் வேண்டுமா என்று கேட்டார். "ஓம்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அவர்களுடைய பாசையில் 'ஊ' என்று தொடங்கி 'அம்' என்று முடிகிற ஒரு சொல் இருக்கிறது. வேகமாகச் சொன்னால் எங்கள் 'ஓம்' மாதிரியேதான். மாமா என்று அர்த்தம். மரியாதைக்குரிய மூத்த ஆண்களை அவர்களின் பிள்ளைகள் அப்படித்தான் அழைப்பார்கள். இந்தக் கட்டிடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், பைப் ஒழுகுதா என்று கேட்டால் தமிழாக்கள் எல்லோரும் "ஓம், ஓம்" என்றிருக்கிறார்கள். ஊரும் பேரும் தெரியாத சனம் என்னை மாமா என்கிறதே என்று இவருக்கு உள்ளம் உருகி, தமிழ் வீட்டுப் பைப்புகளையெல்லாம் முதலில் திருத்தியிருக்கிறார். எட்டு மாதம் கழித்து, அப்போது அங்கே குடியிருந்த ஜெயம் அண்ணைதான் அது வெறும் 'ஆம்' என்ற உண்மையைச் சொன்னார்.

"அன்றைக்கு எனக்குச் சரியான கவலை," என்றார் கோபஸ். சரியாக எப்படிச் சொல்வதென்று எனக்குப் பழக்கியும் விட்டார். உதட்டைக் குவித்து, ஊ-அம். நாலு தரம் சொல்லவைத்தார்.

பிற்பகல் 4 மணி. ஜெயம் அண்ணையின் பேஸ்மென்றில் கடைசி ஒத்திகை. கோபஸ் மேசைக்குப் பின்னால் இருந்து, "ஃபன் வார் கொம் யேய்?" என்று என்னைக் கேட்டார். எங்கிருந்து வருகிறாய் என்று அர்த்தமாம். நான் என்னையறியாமல் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். அந்த நேரம் பார்த்து, மண்டபம் ஒழுங்கு செய்த தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் படியிறங்கி வந்தார். நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் புதிதாக வீடு வாங்கிக் குடிபோனவர்.

"ஜெயம், இது என்ன பாசை?"

அண்ணை சொன்னார்.

"நான் முகத்துக்கு நேரை சொல்லுறன். என்ரை மேள் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறாள். தமிழுக்கெண்டு நாங்கள் ஒரு மேடை வைச்சிருக்கிறம். வேறை சனத்தை நசுக்கின பாசைக்கு அதிலை ஏன் மைக் குடுக்கவேணும்? இங்கிலீசிலை பேசட்டும். இல்லாட்டி நான் திரையை விழுத்திப்போடுவன்."

"இங்கிலீஸ் ஒருத்தரையும் நசுக்கேல்லையோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, நீர் மொன்றியலிலை இருந்து வந்து எங்களுக்குப் படிப்பிக்காதையும்."

கோபஸுக்கு அண்ணை மொழிபெயர்த்தார். மனுசன் எழும்பிக் கத்துவார் என்று நான் ஆவலோடு பார்த்தேன். "சரி, ஆங்கிலம்," என்றார், அவ்வளவுதான். செயலாளர் போனபிறகு நான் பாய்ந்தேன். "இதுதானா உங்கள் வீரம்?"

"முன்பு ஒரு தரம் ஒரு நாடகத்தை நிறுத்தியவன் நான். அதற்கு விலை கொடுத்தது வேறொருவன். இது ஜெயத்தின் நாடகம், மூன்று மாத உழைப்பு. இந்த முறை நான் நிறுத்தமாட்டேன்."

சொல்லிவிட்டு ஆங்கில வசனம் எழுதிய தாளை எடுத்து மடியில் வைத்துப் பாடமாக்கினார். அவருடைய உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.30க்கு நாடகம். எங்கள் வழக்கப்படி 3.10க்குத் தொடங்கியது. முந்நூறு பேர் இருக்கும். செயலாளர் முன்னிருந்து மூன்றாம் வரிசை. மேடையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. கோபஸ் ஆங்கிலத்தில் கேட்டார். பிழையில்லாமல் கேட்டார், ஆனால் லிஃப்ற் வேலை செய்யேல்லை என்று அறிவித்தல் வாசிக்கிற மாதிரி இருந்தது. முன்வரிசை கொடுப்புக்குள் சிரித்தது. பின்னால் யாரோ மிக்சர் பையைப் பிரிக்கிற சத்தம்.

இரண்டாம் கேள்வி. நீ சொல்வது உண்மையா என்கிறார். அதற்கு என்னுடைய வசனம் 'ஓம்' என்ற ஒரு சொல். வாய் திறந்தேன். வேறு வந்தது.

"எனக்கு விளங்கேல்லை. உங்கட பாசையிலை கேளுங்கோ." பிறகு அவரைப் பார்த்து, உதட்டைக் குவித்து, அவர் பழக்கிய மாதிரியே சொன்னேன். "ஊ-அம்."

சபைக்கு அது கொஞ்சம் இழுத்துச் சொன்ன 'ஓம்' மாதிரித்தான் கேட்டிருக்கும். கோபஸ் என்னைப் பார்த்தார். ஆங்கிலத் தாளைக் கவிழ்த்து வைத்தார். எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து தன் பாசையில் கேட்கத் தொடங்கினார். சரளைக் கல்லில் வண்டிச் சில்லு ஏறுகிற மாதிரித் தொண்டைக்குள்ளிருந்து வந்தது. ஒரு கேள்வி, இரண்டு, பத்து. ஒன்றும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. சிரிப்பு நின்றது. மிக்சர் பைச் சத்தமும் நின்றது.

செயலாளர் எழும்பினார். ஓரக்கண்ணால் கண்டேன். முடிந்தது கதை, திரை விழப்போகிறது என்று நினைத்தேன். அப்போது அவருக்குப் பின்னால் இருந்த ஒரு பெண், கண்ணை மேடையிலிருந்து எடுக்காமலே சொன்னா:

"அண்ணை, இருங்கோ. மறைக்குது."

ஒரு கணம் நின்றார். பிறகு இருந்துவிட்டார்.

நாடகம் முடிந்தபிறகு அந்தப் பெண் மேடைக்குப் பின்னால் வந்தா. என்னிடம் மட்டும், "என்ரை கேஸ் நடந்த அண்டைக்கும் உப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனா. செயலாளரும் வந்தார். "ஜெயம், அடுத்த வருசம் உங்களுக்கு மண்டபம் இல்லை." "சரி, பாப்பம்," என்றார் அண்ணை. நான் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீர் செய்தது பிழை. ஆனா இன்னொருக்கா மேடை கிடைச்சாலும் அதையே செய்யும்," என்று எனக்குப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

கோபஸ் கடைசியாக வந்தார். "நீங்கள் சொன்னது ஆம் என்றா, மாமா என்றா?"

"இரண்டும்."

அப்போதுதான் அவரிடம் என் மற்றப் பாதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏன் மறைக்கிறீர்கள்? நான் என் பதினான்கு படத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஆட்களுக்குக் கோப்பி ஊற்றுகிறேன்," என்றார்.

திங்கட்கிழமை, காலை 8 மணி. திரும்புகிற பஸ்ஸில் இதை எழுதுகிறேன். இரவில் கோபஸ் தொலைபேசியில் அழைத்திருந்தார். லிஃப்ற் வேலை செய்யுதாம். நான் திரும்பிப் போகிற மொன்றியலில், கடைப் பலகையில் பிரெஞ்சு எத்தனை அங்குலம், ஆங்கிலம் எத்தனை அங்குலம் என்று சட்டம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். ரொறொன்ரோவில் அந்தச் சண்டை இல்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் சண்டையை நாங்கள் மூட்டை கட்டிக் கொண்டுவந்துதான் இருக்கிறோம். என்னுடைய மூட்டையை இங்கேயே அவிழ்க்கிறேன், சாந்தி அக்காவும் வாசிக்கட்டும்: கொழும்பில் நான் மூன்று வருடம் சிங்கள மேடையில் நடித்தேன். நன்றாக நடித்தேன். அந்த வசனங்கள் இன்றைக்கும் எனக்குப் பாடம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் என் வீட்டை எரித்தவர்கள் பேசியதும் அந்தப் பாசைதான். இனிமேல் யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நீர் சிங்கள நாடகத்திலை நடிச்சனீரோ?" என்று கேட்டால் என்னிடம் ஒரே ஒரு பதில் இருக்கிறது.

ஓம்.