டீசல் போன வழி

பிள்ளைகளே, போன வாரம் காலமான உங்கள் பெரியப்பாவைக் காலை இழுத்து இழுத்து நடக்கிறவராகத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அரிசி மில் வாசலில் காவல் இருந்தவர். சுடுகாட்டில் எல்லாம் முடித்துவிட்டு வந்த அன்று, இந்த மனுஷன் மலைப் பாதையில் ஜீப் ஓட்டினவர் என்று யாரோ சொன்னபோது நீங்கள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தீர்கள். அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிகம் படிக்காதவன் நான், கோர்வையாக எழுத வராது. ஆனாலும் இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் எனக்கு உடன்பிறந்தவர் அல்லர். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தபோது, கச்சிராயபாளையம் பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டு ஜீப்பை ஓட்டிக்கொண்டு வருவார். அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அந்த வீட்டுக்கு அந்த ஒரு ஜீப்தான் எல்லாமும். கல்யாணத்துக்குக் குடும்பத்தை ஏற்றிப் போவதும் அதுதான், கல்வராயன் மலையில் குத்தகைக்கு எடுத்திருந்த புளியந்தோப்புக்குப் போய்வருவதும் அதுதான். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். பஸ் வராது, டேங்கர் லாரி வராது, பங்க்கில் டீசல் இருக்காது. கிடைத்த டீசலைப் பண்ணைக்காரர் நெய் மாதிரிக் காப்பாற்றினார். மலை இறக்கத்தில் எதற்கு டீசல் என்று ஒரு கட்டளை போட்டிருந்தார். உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியை இறக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, கியர் கம்பியின் மேலேயே கண் வைத்திருப்பாராம்.

அப்படியும் வண்டி டீசலை விழுங்கியது. மாதத்துக்கு மாதம் மைலேஜ் இறங்கிக்கொண்டே போனது. ஒருநாள் ஷெட்டில் பண்ணைக்காரர் என் எதிரிலேயே அண்ணனைக் கேட்டார்.

“வண்டி குடிக்குதா, நீ குடிக்கிறியாடா?”

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். “டீசல குடிச்சா இங்க நின்னுகினு இருப்பனா ஐயா? வண்டி இல்லாமலே மலைக்குப் போயிருப்பேன்.”

பண்ணைக்காரர் சிரிக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, என் டிரைவர் டீசலை எவனுக்கோ ஊற்றிவிடுகிறான் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். அது வெறும் திருட்டுப் பேச்சாக நிற்கக்கூடிய காலமா? சங்கராபுரம் சாலையில் ஒரு பஸ்ஸை எரித்திருந்தார்கள். எரிக்க டீசல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. டீக்கடைப் பேச்சு ஸ்டேஷனுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மறியல் நடந்த பக்கமே போகாத மனுஷனை வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது பிடித்துப் போனார்கள்.

அண்ணி நேராக என்னிடம் வந்து நின்றார். அழவில்லை. “சோத்துக் கையோட இஸ்துகினு போய்ட்டாங்க தம்பி. அவுரு எடுக்கல. அந்த டீசலு எங்க போச்சுன்னு நீ வண்டியப் பாத்து சொல்லு. சொன்னாத்தான் வுடுவாங்க.”

அன்றே கச்சிராயபாளையம் போனேன். டேங்க்கில் ஒழுகல் இல்லை. குழாயெல்லாம் காய்ந்து கிடந்தது. சைலன்சரில் கரும்புகை இல்லை. இன்ஜினில் ஒன்றும் இல்லாவிட்டால் வேறெங்கே என்று யோசித்து, வண்டியை நியூட்ரலில் போட்டுச் சமதளத்தில் தள்ளிப் பார்த்தேன். பண்ணை ஆட்கள் இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து தள்ளினார்கள். முக்கி முனகி ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது. பிறகு நானே எடுத்து ஓட்டினேன். பிரேக்கைத் தொடாமலே பக்கத்து அணை வரைக்கும் போய்த் திரும்பி, பின் சக்கரத்து பிரேக் டிரம்மில் விரலை வைத்தேன். சூட்டில் தோல் ஒட்டிக்கொண்டது. சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் சிலிண்டரின் ரப்பர் வெந்து உப்பிப் போயிருந்தது. மிதித்த காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இன்ஜின் டீசலைக் கொட்டி அந்தப் பிடியோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. கியரில் போட்டு இறக்கியிருந்தால் இன்ஜினே வண்டியைப் பாதி தாங்கிப் பிடித்திருக்கும். மலை முழுக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே இறக்கினால் ரப்பர் வேகாமல் என்ன செய்யும்? சேமிக்கிறோம் என்று செய்ததுதான் தின்றிருக்கிறது.

வெந்த ரப்பரைப் பண்ணைக்காரர் கையில் கொடுத்துச் சொன்னேன். புரட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. உடனே ஸ்டேஷனுக்குப் போகலாம் ஐயா என்றேன்.

“நான் டீக்கடையிலதான சொன்னேன். ஸ்டேஷன்லயா போய் சொன்னேன்?” என்றார். பிறகு, “காலைல பாக்கலாம், போ” என்று உள்ளே போய்விட்டார்.

நான் மட்டும் போனேன். மெக்கானிக் பேச்சை யார் கேட்பார்கள், வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் பண்ணைக்காரர் வந்தார். உள்ளே போய் என்ன பேசினாரோ, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்துத்தான் அண்ணனை வெளியே கொண்டுவந்தோம். இடது முழங்கால் வீங்கி வேறு யாருடையதோ போல இருந்தது. அது விடிகாலையில் விழுந்த அடி என்று அண்ணி பிற்பாடு சொன்னார். கிளட்ச்சை மிதிக்கிற கால் அது.

மாட்டு வண்டியில் படுக்கவைத்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “வண்டில இன்னா கோளாறு?”

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எனக்கும் அதான் தோணுச்சு,” என்றார். “கியர்ல எறக்கலாம் ஐயான்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். சொன்னா, இவன் டீசல் எடுக்க வழி பண்றான்னுவாரு. அதான் அவுரு சொன்ன மாதிரியே வுட்டேன்.”

அதற்கப்புறம் அவர் எந்த வண்டியிலும் ஓட்டுகிற இடத்தில் உட்காரவில்லை. பண்ணைக்காரர் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை.

சாலை திறந்து, சேலத்திலிருந்து ரப்பர் வந்ததும் அந்த ஜீப்பைச் சரிசெய்யும் வேலை என்னிடமே வந்தது. மாட்டேன் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வசதி இல்லை. எல்லாம் மாட்டி முடித்தபோது பண்ணையில் எல்லோரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போய் நின்றேன். அன்று மூன்று பேர் தள்ளி ஒரு முழத்தில் நின்ற வண்டியை ஒரு கையை மட்டும் வைத்துத் தள்ளினேன். சத்தமே இல்லாமல், தொட்டில் ஆடுகிற மாதிரி லேசாக உருண்டு முற்றத்தின் கோடி வரைக்கும் போனது. பின்னாலேயே நடந்து போய், மறுபடியும் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினேன்.