பால் காசு

அத்தையின் பான் கார்டு நகலைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது அந்த ரசீது கையில் கிடைத்தது. ஸ்டேஷனரி கடையில் கட்டாக விற்கும் சாதாரண வாடகை ரசீதுதான். அத்தையின் டீச்சர் கையெழுத்தில் பெயரும் மாதமும் தொகையும் பிசகில்லாமல் நிரப்பியிருந்தன. கீழே ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தது, பசை காய்ந்து அதன் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. ஸ்டாம்பின் மேல் விழவேண்டிய கையெழுத்து மட்டும் இல்லை. போடாதவர் என் அப்பா என்பது எனக்குத் தெரியும். அந்த ரசீதை அப்பாவின் முன்னால் அத்தை வைத்த நாளில் நானும் அந்தக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை சரிப்படாமல் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் டீச்சர் வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். அப்பா கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாராம். பிறந்த வீட்டில் சாப்பிடுகிறவளிடம் வாடகை வாங்கினால் சொந்தபந்தம் காறித் துப்பும் என்பது அவர் பயம். ஆனால் தோப்பில் மண்டரி நோய் விழுந்து தேங்காய்கள் சிறுத்துக் கிடந்த காலம் அது. வேண்டாம் என்று முழுசாகச் சொல்லிவிடவும் அவரால் முடியவில்லை. கடைசியில் அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதம் பிறந்ததும் அத்தை பணத்தை அடுப்படியில் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் பால் காசு. எங்கள் தொழுவத்தில் இரண்டு மாடு கறந்துகொண்டிருந்தது, மிச்சப் பாலை நாங்கள் சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில்தான் அத்தை மாதாமாதம் பால் காசு கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி வந்தால் அத்தையின் முகம் மாறிவிடும். சம்பளக்காரர்களுக்கு அது ஒரு தனிப் பருவம். அந்த வருஷத்து வருமான வரிக் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். பாக்கி வரியை அந்த மாதச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். பள்ளியில் பாடம் பற்றிய பேச்சே இருக்காது, காப்பீடு, வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஃபீஸ், வாடகை என்று கழிக்க முடிந்ததை எல்லாம் கழிக்கப் பார்ப்பார்கள். சொந்த வீட்டில் சௌகரியமாக இருக்கிற ஒரு வாத்தியார் மாமனாரிடம் ரசீது எழுதி வாங்கி வந்துவிடுவார். இன்னொருவர் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வாடகை காட்டுவார். தலைமையாசிரியர் மலையாளி, நல்ல மனிதர். "டீச்சர்க்கு வாடக ஒண்ணும் இல்லே?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாராம். அண்ணன் வீட்டில் இருக்கிறேன் சார் என்பாளாம் அத்தை. படிவத்தில் வாடகைக்கான இடத்தைத் துடைத்த சிலேட்டைப் போலக் காலியாகவே திருப்பிக் கொடுப்பாள். பொய் வாடகைக்காரர்கள் எல்லோரும் சம்பளத்தை முழுசாக வாங்கிக்கொண்டு போக, உள்ளபடியே வாடகை கொடுத்தவளின் சம்பளம் மட்டும் குறைந்து வந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

ஒரு வருஷம் அத்தை துணிந்துவிட்டாள். சட்டத்தில் தடை ஏதும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். அண்ணனாக இருந்தாலும் மெய்யாகவே வாடகை கொடுத்தால் காட்டலாம், தொகை சின்னது, அப்பாவின் பான் எண்கூட வேண்டியதில்லை, ஒரு கையெழுத்துப் போதும். ரசீதை நிரப்பி, ஸ்டாம்பையும் தானே ஒட்டி, அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் முன்னால் வைத்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். விவசாயிக்கு ஏது வரி என்று காலமெல்லாம் நிம்மதியாக இருந்தவர் அவர். சும்மா போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளச் சொல்கிறாயா என்று முதலில் தமாஷாகத்தான் ஆரம்பித்தார். அத்தை நகரவில்லை. அப்புறம் அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏனம்மிணி, கூடப் பொறந்தவகிட்ட வாடகை வாங்கித் திங்கறேன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கச் சொல்றயா?"

"வாங்கறதுக்குக் கூச்சமில்லீங்களேண்ணா. எழுதறதுக்குத்தான் கூச்சமுங்களா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி ரசீதின் மேல் வைத்துவிட்டுத் தோப்புக்குப் போனார். அம்மா அத்தையைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்தாள். அத்தை கண்ணாடியை நகர்த்தி, ரசீதை மடிக்காமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வருஷமும் வரி பிடித்தார்கள். அடுத்த மாதமும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பால் காசு இருந்தது, அம்மா அதை எடுத்துக்கொண்டாள்.

அந்த ரசீதால் மிச்சமாகியிருக்கக்கூடிய பணம் பெரிதில்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் அவள் ஒண்டிக் கிடக்கவில்லை, பணம் கொடுத்துத்தான் இருக்கிறாள் என்பதை அண்ணன் ஒரே ஒரு தடவை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவள் ஏங்கினாள். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள், "அண்ணன் இருக்கங்காட்டி உம்பாடு ஓடுது" என்று அவள் எதிரிலேயே சொல்வார்கள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். தனி வீடு பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒன்றைக் கேட்டு முன்பணமும் கொடுத்து வைத்தாள் அத்தை. அண்ணன் துரத்திவிட்டான் என்று பேசுவார்களே என்று அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அத்தை மறுபடியும் அதே அறைக்குள் வந்து படுத்தாள். போகவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது, கொடுத்ததைச் சொல்லவும் முடியாது. அப்பாவும் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

பிறகு வரி விதிகள் மாறின. பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று. புதியதில் வீதம் குறைவு, ஆனால் வாடகையும் காப்பீடும் காட்டிக் கழிக்க முடியாது. நாமாகப் பழையதைக் கேட்டு வாங்காவிட்டால் புதியதில்தான் கணக்குப் போடுவார்கள் என்றும் ஆயிற்று. ஆசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அன்று அத்தை வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"இனி எல்லாரும் என்னையாட்டந்தான் கண்ணு" என்றாள் என்னிடம். "பொய் ரசீதும் செல்லாது, மெய் ரசீதும் செல்லாது."

ஓய்வு பெற்றதும் ஒருவழியாக அவள் வெளியே வந்தாள், அதுவும் என்னைச் சாக்கு வைத்துத்தான். எனக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. பெண்பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, துணைக்கு அத்தை போகிறாள் என்று ஊருக்குச் சொன்னோம். ஓய்வுப் பணத்தில் அத்தை பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு சின்ன வீடு வாங்கினாள். நான் முதல் மாதமே வாடகை தருவேன் என்று சொல்லிவிட்டேன். அவள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான், யார் வீட்டிலும் சும்மா இருக்கமாட்டேன் என்று எனக்குள் ஒரு வீம்பு. அத்தை சண்டை போட்டாள், கோபித்தாள், கடைசியில் இறங்கி வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். போனில் பணம் அனுப்பும்போது அதில் வாடகை என்று எழுதக் கூடாது. நானும் யோசிக்காமல், கை பழகிய மாதிரி, குறிப்பு எழுதும் இடத்தில் 'பால்' என்று எழுதினேன். ஒவ்வொரு மாதமும் அதையே எழுதினேன்.

இந்த பிப்ரவரியில் அது என்னைப் பிடித்துக்கொண்டது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில், படிப்புக் கடன் வட்டி, காப்பீடு, சேமிப்பு எல்லாவற்றோடும் வாடகையையும் காட்டினால் எனக்குப் பழைய முறைதான் லாபம். வங்கிக் கணக்கின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்துக் கணக்கர் புரட்டிப் பார்த்துவிட்டு, மாதாமாதம் இவ்வளவு ரூபாய்க்கு யார் பால் குடிக்கிறார்கள் என்று மலையாளத்தில் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட ரசீதும் பான் நகலும் வேண்டும் என்றார். ஏப்ரல் முதல் வரும் புதுச் சட்டத்தின் படிவத்தில் உரிமையாளர் உங்களுக்கு என்ன உறவு என்றும் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்தார்.

பான் நகலோடு அந்தப் பழைய ரசீதையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பழையதைக் கண்டதும் அத்தை கையிலிருந்த முருங்கைக் கீரையை முறத்தில் போட்டாள். நான் நிரப்பி வைத்திருந்த புது ரசீதை அதன் பக்கத்தில் வைத்துப் பேனாவையும் வைத்தேன். ஓடிவந்து போடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். இதற்காக எத்தனை வருஷம் காத்துக் கிடந்தவள். அவளோ இரண்டு ரசீதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"அண்ணன் மககிட்ட வாடகை வாங்கறேன்னு எங்கையால எப்புடிச் சாமி எழுதறது?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு புது ரசீதைத் தன் பக்கம் இழுத்து, ஸ்டாம்பின் மேல் முழுப் பெயரையும் பொறுமையாக எழுதினாள். ஊதி மை காயவைத்து என்னிடம் கொடுத்தாள்.

"எங்கண்ணனுக்கு மட்டும் தெரியாமப் பாத்துக்க கண்ணு. மனசு ஒடைஞ்சு போவாரு."

பழைய ரசீதைத் திருப்பிக் கேட்டாள். தூக்கிக்கொண்டிருந்த ஸ்டாம்பின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாள், ஒட்டவில்லை. இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கீரையை ஆய ஆரம்பித்தாள். அடுத்த மாதம் பிறந்ததும் நான் பணம் அனுப்பினேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'பால்' என்றுதான் எழுதினேன்.